மூன்றாம் பருவத்தில் காத்திருக்கும் புழு

ஒரு கண்ணாடிப் புனலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, குழாயின் வாயைக் கவ்வியால் அடைத்துவிடுங்கள். புனலில் வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி, ஒரு கைப்பிடி ஈரமண்ணை மெல்லிய துணியில் பொதிந்து, தண்ணீரில் அமிழும்படி வையுங்கள். ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு, காலையில் கவ்வியைத் தளர்த்தி முதலில் விழும் சில சொட்டுகளை நுண்ணோக்கியில் பாருங்கள். கண்ணாடி இழை போன்ற புழுக்கள், இரண்டு முனையும் கூர்த்து, சவுக்கைச் சொடுக்குவது போல இடமும் வலமுமாக வளைந்துகொண்டிருக்கும். ஓயாமல் நெளியும். ஆனால் இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராது.

இதற்குப் பேர்மான் புனல் என்று பெயர். குஸ்டாவ் பேர்மான் என்ற மருத்துவர் ஜாவாவில் மண்ணிலிருந்து கொக்கிப்புழு லார்வாக்களைப் பிரித்தெடுக்க 1917இல் உருவாக்கியது. இன்றும் ஆய்வகங்களில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சூட்சுமம் எளிது: ஈரத்தையும் வெதுவெதுப்பையும் நாடிப் புழு துணி வழியே தண்ணீருக்குள் வந்துவிடும். வந்தபின் நீந்தி மேலேற அதனால் முடியாது. மெல்ல மெல்ல மூழ்கி அடிக்குழாயில் சேர்ந்துவிடும்.

நகரத் தெரிந்த ஒரு பிராணிக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் உருளைப்புழுவின் உடல் முழுவதும் புரிந்துவிடும்.

உருளைப்புழு என்பது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். வெளிக்குழாய் உடல்சுவர், உள்குழாய் உணவுப்பாதை. இரண்டுக்கும் இடையில் அழுத்தத்தோடு நிற்கும் திரவம். எலும்பு கிடையாது, காற்றடைத்த சைக்கிள் டியூப் விறைத்து நிற்பது போல அந்த அழுத்தத்தால்தான் உடல் வடிவத்தோடு நிற்கிறது. மனிதக் குடலில் வாழும் பெரிய உருளைப்புழுவான ஆஸ்காரிஸின் உள்ளழுத்தத்தை அளந்திருக்கிறார்கள்: சராசரியாக 70 மில்லிமீட்டர் பாதரச அளவு. ஆய்வகத்தில் அதை அறுக்கும்போது முதல் கீறலிலேயே உள்ளிருப்பது பீச்சிக்கொண்டு வெளியே வருவது இதனால்தான். இவ்வளவு அழுத்தம் சுற்றிலும் இருந்தால் குடல் நசுங்கி மூடிக்கொள்ளுமே என்று தோன்றலாம். மூடித்தான் கிடக்கிறது. அதனால்தான் வாய்க்குப் பின்னால் தசையாலான ஒரு தொண்டை பம்பு போல வேலை செய்து, உணவை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளுகிறது.

மண்புழுவின் உடலில் நீளவாட்டுத் தசையும் உண்டு, வளையத் தசையும் உண்டு. அதனால் அது நீண்டு சுருங்கி ஊர்கிறது. உருளைப்புழுவுக்கு நீளவாட்டுத் தசை மட்டும்தான். ஒரு பக்கம் இழுத்தால் வளையும், மறுபக்கம் இழுத்தால் எதிர்ப்புறம் வளையும், அவ்வளவுதான் அதன் அசைவு. மண் துகள்களுக்கு நடுவே அந்த வளைவுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. துகளை உந்தி முன்னேறலாம். திறந்த தண்ணீரில் உந்த ஒன்றுமில்லை. இப்போது குடலை நினைத்துப் பாருங்கள். நெருக்கமான, ஈரமான, இண்டு இடுக்கு நிறைந்த ஒரு வழி. மண்ணில் வாழப் பழகிய உடலுக்கு அது அத்தனை அந்நியமான இடம் இல்லை.

இந்த உடலில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. மற்ற விலங்குகளில் நரம்பு கிளைவிட்டுத் தசையைத் தேடிப்போகும். இங்கே தசைச் செல்தான் ஒரு கையை நீட்டி நரம்பைப் போய்த் தொடுகிறது. இதயம் இல்லை, ரத்தக் குழாய் இல்லை, நுரையீரல் இல்லை. விந்தணுவுக்குக்கூட வால் இல்லை. அமீபா போல ஊர்ந்து போகிறது. இவ்வளவு சிக்கனமான ஒரு உடலமைப்புதான் உலகத்தில் மிக வெற்றிகரமானவற்றில் ஒன்று. மேல்மண்ணில் மட்டும் எத்தனை உருளைப்புழுக்கள் இருக்கும் என்று 2019இல் ஒரு கணக்குப் போட்டார்கள். 44க்குப் பின்னால் 19 சுழியங்கள். நிலத்தில் வாழும் விலங்குகளை ஒவ்வொன்றாக எண்ணினால் ஐந்தில் நான்கு உருளைப்புழுவாக இருக்கும். பெயரிடப்பட்ட இனங்கள் 25,000க்கு மேல். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை ஏராளம். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் நஞ்சுக்கொடியில் 8 மீட்டருக்கு மேல் நீளும் இனமும் உண்டு. மண்ணில் பாக்டீரியாவைத் தின்று யாரையும் தொந்தரவு செய்யாமல் வாழ்பவை நிறைய. பயிர்களின் வேரில் முடிச்சுப்போட்டு விளைச்சலைக் குலைப்பவை இன்னொரு பெருங்கூட்டம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கணக்கு இருக்கிறது. முட்டையிலிருந்து முதிர்ந்த புழு ஆவதற்குள் நான்கு தடவை சட்டை உரிக்க வேண்டும். கொலாஜனால் ஆன மேலுறை முழுக்கக் கழன்று புதியது வரும். ஆக, வாழ்க்கை ஐந்து பருவம்: நான்கு லார்வாப் பருவங்கள், பிறகு முதிர்ந்த புழு.

ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஐந்தாவது பருவத்தைத்தான் பார்க்கிறார்கள். குடலில் சுருண்டு கிடக்கும் பெரிய புழு, அது போடும் முட்டை, அது உறிஞ்சும் ரத்தம். ஆனால் ஒட்டுண்ணி தீர்க்கவேண்டிய உண்மையான சிக்கல் உடலுக்குள் வாழ்வது அல்ல. ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குப் போய்ச் சேருவதுதான் சிக்கல். அந்த வேலையைச் செய்வது மூன்றாம் பருவ லார்வா. ஆஸ்காரிஸில் முட்டைக்குள், கொக்கிப்புழுவில் மண்ணில், யானைக்கால் நோய்ப் புழுவில் கொசுவுக்குள், நரம்புச்சிலந்தி என்ற கினிப் புழுவில் தண்ணீரில் வாழும் சின்ன ஓடுடலிக்குள். இடம் மாறுகிறது, பருவம் மாறுவதில்லை. மூன்றாவது பருவத்தை எட்டியதும் வளர்ச்சி நிற்கிறது, புழு காத்திருக்கிறது.

ஆஸ்காரிஸிலிருந்து தொடங்கலாம். பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய பென்சில் தடிமன். ஆண் கொஞ்சம் சின்னது, வால் கொக்கி போல் வளைந்திருக்கும். குடல் சுவரைக் கவ்விப் பிடிக்க இதற்கு எந்த உறுப்பும் கிடையாது. குடல் அலையலையாகச் சுருங்கி எல்லாவற்றையும் கீழே தள்ளிக்கொண்டே இருக்க, இது எதிர்த்து நெளிந்து நின்ற இடத்தில் நிற்கிறது. ஒன்று அல்லது இரண்டு வருடம் இப்படியே. அதற்குள் ஒரு பெண் புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டைகள் போடுகிறது.

அந்த முட்டையை நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு பலாப்பிஞ்சு போல இருக்கும். பித்தநீரில் ஊறிப் பழுப்பேறிய, முண்டும் முடிச்சுமான மேலுறை. அதற்குக் கீழே தடித்த, கண்ணாடி போன்ற கைட்டின் ஓடு. ஆக உள்ளே, அஸ்காரோசைடு என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய சவ்வு. முட்டையைக் காப்பாற்றுவது இந்தக் கடைசிச் சவ்வுதான். மூச்சுக் காற்றை மட்டும் விடும், மற்ற ரசாயனங்களை அநேகமாக அண்டவே விடாது. பிணத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் போட்டு வைத்தாலும் உள்ளே கரு வளர்ந்துகொண்டே இருக்கும். ஆய்வகங்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் அண்டாமல் முட்டையை வளர்ப்பதற்கு ஃபார்மலினிலோ நீர்த்த கந்தக அமிலத்திலோதான் போட்டு வைக்கிறார்கள்! சூட்டுக்கும் கடும் வறட்சிக்கும் சுள்ளென்ற வெயிலுக்கும்தான் அது பணியும்.

மலத்தோடு வெளியே வரும்போது முட்டைக்குள் இருப்பது ஒரே ஒரு செல். அந்த நிலையில் யாராவது விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது, அப்படியே வெளியேறிவிடும். ஈரமும் நிழலும் காற்றும் உள்ள மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்தால்தான் உள்ளே லார்வா உருவாகும். ஓட்டுக்குள்ளேயே இரண்டு தடவை சட்டை உரித்து மூன்றாம் பருவத்துக்கு வந்து, சுருண்டு படுத்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில், சாதகமான இடமென்றால் வருடக்கணக்கில், அப்படியே கிடக்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. குடற்புழு வயிற்றுக்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்காரிஸ் விஷயத்தில் அது முடியாது. போட்ட முட்டை அத்தனையும் வெளியே போய் மண்ணில் பழுத்தாக வேண்டும். ஒரு குழந்தையின் வயிற்றில் 20 புழு இருந்தால், அந்தக் குழந்தை 20 முட்டைகளைத் தனித்தனியாக வெளியிலிருந்து விழுங்கியிருக்கிறது என்றுதான் பொருள். புழுவின் எண்ணிக்கை குழந்தையைப் பற்றிச் சொல்வதைவிட, அது விளையாடும் மண்ணைப் பற்றியும் குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் அதிகம் சொல்கிறது.

சரி, விழுங்கியாயிற்று. சிறுகுடலில் முட்டை பொரிகிறது. வெளியே வரும் லார்வா கால் மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். வந்துசேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, இனி இங்கேயே வளர்ந்தால் போதும் என்றுதான் யாரும் நினைப்போம். அது குடல்சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தக்குழாயில் இறங்குகிறது. கல்லீரலுக்குப் போய், அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலுக்கு வந்து, நுண்குழாயை உடைத்துக் காற்றறைக்குள் புகுகிறது. மூச்சுக்குழாய் வழியே ஏறித் தொண்டைக்கு வந்து, சளியோடு மறுபடி விழுங்கப்பட்டு, புறப்பட்ட சிறுகுடலுக்கே திரும்புகிறது. இரண்டு வாரம் போலப் பிடிக்கும் இந்தச் சுற்றை முடித்த பிறகுதான் அங்கே தங்கி முதிர்கிறது. முட்டையை விழுங்கிய நாளிலிருந்து, உள்ளே வளர்ந்த புழு முட்டை போடத் தொடங்கும்வரை இரண்டு மூன்று மாதம்.

இந்தப் பாதையைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1916இல் ஃபிரான்சிஸ் ஸ்டூவர்ட் எலிகளுக்கு ஆஸ்காரிஸ் முட்டையைக் கொடுத்துப் பார்த்தார். லார்வாக்கள் எலியின் நுரையீரலில் இருந்தன. எலி ஓர் இடைநிலை விருந்தோம்பி, அதிலிருந்துதான் மனிதனுக்கு வருகிறது என்று அவர் நினைத்தார். 1922இல் ஷிமேசு கொய்னோ என்ற ஜப்பானிய மருத்துவர் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கினார். சில நாட்களில் காய்ச்சல், இருமல், நிமோனியா போன்ற மூச்சுத்திணறல். தன் சளியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் லார்வாக்கள் நெளிந்தன. மனிதனின் நுரையீரல் வழியாகவே இது போகிறது, இடையில் எலி தேவையில்லை என்பது அதோடு தீர்ந்தது. தன் உடலைத் தானே சாட்சியாக வைத்த அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

குடலில் தொடங்கிக் குடலிலேயே முடிகிற பயணத்துக்கு இவ்வளவு பெரிய சுற்று எதற்கு? இரண்டு விளக்கங்கள் உண்டு. ஆஸ்காரிஸின் மூதாதை தோல் வழியாகவோ வேறொரு விலங்கு வழியாகவோ நுழைந்திருக்கலாம், அந்தப் பழைய பாதையை இது விடாமல் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்று. திசுக்களுக்குள் சுற்றும் லார்வா நல்ல உணவும் ஆக்சிஜனும் பெற்றுப் பெரிதாக வளர்கிறது, பெரிய பெண் புழு அதிக முட்டை போடும், அதனால் சுற்று லாபகரமானது என்பது இரண்டாவது. உறவுக்கார இனங்களை ஒப்பிட்டால், திசுக்குள் சுற்றிவருபவை சுற்றாதவற்றைவிடப் பெரிதாக வளர்வதைக் காண முடிகிறது. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. பயனில்லாத, இவ்வளவு ஆபத்தான பாதை இத்தனை காலம் கழியாமல் நின்றிருக்காது.

கொக்கிப்புழுவுக்கு முட்டைக்குள் காத்திருக்கும் பொறுமை கிடையாது. மண்ணில் விழுந்த ஒன்றிரண்டு நாளில் பொரிந்து, பாக்டீரியாவைத் தின்று, இரண்டு தடவை சட்டை உரித்து மூன்றாம் பருவத்துக்கு வரும். ஆனால் இரண்டாவது சட்டையை முழுக்கக் கழற்றாது, மேலே போர்த்திக்கொள்ளும். வாய் மூடிவிடும். இனி சாப்பாடு இல்லை. உடலில் சேர்த்த கொழுப்பு தீரும்வரை சில வாரங்கள்தான் ஆயுள். அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இந்த லார்வா, ஈரம் இருக்கும்போது மண்துகளின் நுனிக்கோ புல் நுனிக்கோ ஏறி, உடலின் முன்பாதியைத் தூக்கி அசைத்துக்கொண்டு நிற்கும். மண் காய்ந்தால் கீழே இறங்கிவிடும். மனிதத் தோலின் சூடும் ஈரமும் மேலே பட்டால் போதும், போர்த்தியிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே புகுந்துவிடும்.

இதுவும் ஒரு விபத்தில் தெரியவந்ததுதான். எகிப்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஆர்தர் லூஸ், 1898 வாக்கில், லார்வாக்கள் இருந்த நீரைத் தன் கைமேல் தவறுதலாகச் சிந்திவிட்டார். அந்த இடம் எரிந்து சிவந்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்தில் கொக்கிப்புழு முட்டைகள் இருந்தன. வாய் வழியாகத்தான் தொற்றும் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. அவர் சொன்னதை ஏற்க மற்றவர்களுக்குப் பல வருடம் பிடித்தது.

தோலில் நுழைந்த லார்வாவும் ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக ஏறி, குடலுக்குத்தான் வருகிறது. முதிர்ந்த புழு ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஆனால் குடலின் உட்சுவரை வாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து, பல்லாலோ வெட்டுத் தகட்டாலோ கீறி ரத்தம் குடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தடுப்புப் புரதங்களையும் சுரக்கும். கடித்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் போனாலும் பழைய காயம் கசிந்துகொண்டே இருப்பது அதனால்தான். நெகேட்டர் இனப் புழு ஒன்றால் ஒரு நாளைக்கு 0.03 மில்லிலிட்டர் ரத்தம் போகிறது. அன்கைலோஸ்டோமா டியோடினேல் இனத்தில் அது 0.2 மில்லிலிட்டர் அளவுக்குப் போகலாம். இரண்டாவது வகையில் 100 புழு இருந்தால் தினமும் 20 மில்லிலிட்டர். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் வளரும் குழந்தைக்கும், இரும்புச்சத்து ஏற்கெனவே இழுபறியாக இருக்கும்போது, இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சோகை என்பது சட்டென்று விழுந்து கிடக்கிற நோயாகத் தெரியாது. வெளுத்த உதடு, படியேறினால் மூச்சு வாங்குவது, வகுப்பில் கவனம் நிற்காதது என்று வருடக்கணக்கில் ஓர் ஆளைத் தேய்க்கும். அதனாலேயே இது கண்ணுக்குப் படாமல் போகிறது.

காத்திருக்கும் லார்வாவின் மர்மத்தை உடைத்தது ஓர் ஒட்டுண்ணி அல்ல. மண்ணிலும் அழுகும் பழத்திலும் வாழ்கிற, ஒரு மில்லிமீட்டர் நீளமான சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற சாதுவான புழு. 1960களில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். முட்டையிலிருந்து முட்டை மூன்றே நாள்; உடல் ஒளி ஊடுருவும்படி தெளிவு; முதிர்ந்த இருபால் புழுவில் உடற்செல்கள் சரியாக 959, அவற்றில் நரம்புச் செல்கள் 302. ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து பிறந்தது என்று வரைபடமே போட்டுவிட்டார்கள். விலங்குகளில் முழு மரபணுத்தொகுதியும் முதலில் வாசிக்கப்பட்டது இதற்குத்தான், 1998இல். இந்தப் புழுவோடு செய்த வேலைக்கு 2002, 2006, 2008, 2024 என நான்கு ஆண்டுகளில் நோபல் பரிசு போயிருக்கிறது.

இதற்கு உணவு குறைந்தாலோ கூட்டம் நெருக்கினாலோ, சாதாரண மூன்றாம் பருவத்துக்குப் பதிலாக வேறொரு மூன்றாம் பருவத்துக்குள் போகும். டாவர் லார்வா என்பார்கள். ஜெர்மன் மொழியில் நீடிப்பு என்று பொருள். வாய் மூடும், மேலுறை தடிக்கும், கொழுப்பைச் சிறுகச் சிறுக எரித்து, இரண்டு மூன்று வாரம் வாழும் புழு நான்கு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். மேட்டில் ஏறி முன்னுடலைத் தூக்கி ஆட்டி, போகிற பூச்சியிடமோ நத்தையிடமோ தொற்றிக்கொண்டு புது இடம் போகும். கொக்கிப்புழு லார்வா புல் நுனியில் நின்று செய்வதும் இதேதான். கூட்டம் பெருகிவிட்டது என்று இந்தப் புழுக்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் ரசாயனமும் அஸ்காரோசைடு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்காரிஸ் முட்டையின் கடைசிச் சவ்வில் முதலில் கண்டு பெயர் வைத்தார்களே, அதே குடும்பம்.

காத்திருப்பை முடித்துவைக்கும் சமிக்ஞையும் கிடைத்திருக்கிறது. டாஃபாக்ரோனிக் அமிலம் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் சுரந்தால் டாவர் விழித்து வளரத் தொடங்கும். 2009இல் வெளியான ஆய்வுகளில், அதே பொருளைக் கொக்கிப்புழுவின் தொற்றும் லார்வாவுக்கும், ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற இன்னொரு குடற்புழுவின் லார்வாவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். உடலுக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்து அவையும் விழித்துக்கொண்டன. ஆக, ஒட்டுண்ணி புதிதாக ஒரு வித்தையைக் கற்கவில்லை. பஞ்சத்தைத் தாண்டுவதற்கு மண்ணில் வாழும் உருளைப்புழுக்கள் வைத்திருந்த பழைய ஏற்பாட்டை, ஓர் உடல் வந்து சேரும்வரை காத்திருக்கப் பயன்படுத்திக்கொண்டது. உருளைப்புழுக்களின் வரலாற்றில் ஒட்டுண்ணி வாழ்க்கை குறைந்தது 15 தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அத்தனை தடவை தோன்ற முடிந்ததற்குக் காரணம், பாதி ஏற்பாடு முன்பே கையில் இருந்ததுதான் என்பது என் எண்ணம். இவற்றின் பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உச்சம்: சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து எடுத்த உருளைப்புழுக்கள் சுமார் 46,000 வருட உறக்கத்துக்குப் பிறகு உயிர்த்து இனப்பெருக்கமும் செய்ததாக 2023இல் அறிவித்தார்கள். அவை ஒட்டுண்ணி அல்ல.

மண்ணை நம்பாமல் பறக்கும் வாகனத்தைப் பிடித்துக்கொண்டவை ஃபைலேரியா புழுக்கள். யானைக்கால் நோயை உண்டாக்கும் உச்சரேரியா பான்க்ராஃப்டி நிணநீர்க் குழாய்களில் ஆறேழு வருடம் வாழ்ந்து, முட்டைக்குப் பதிலாக மைக்ரோஃபைலேரியா என்ற நுண்ணிய குஞ்சுகளை ரத்தத்தில் விடுகிறது. பகலில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் அவை அநேகமாகத் தட்டுப்படாது, நுரையீரல் நுண்குழாய்களில் ஒதுங்கியிருக்கும். இரவு 10 மணிக்கு மேல், கொசு கடிக்கும் நேரம் பார்த்து, தோலருகே உள்ள ரத்தத்துக்கு வந்துவிடும். இரவில் விழித்துப் பகலில் தூங்குபவரிடம் இந்த நேரக்கணக்கு தலைகீழாகிவிடும். கொசு பகலில் கடிக்கும் தென் பசிபிக் தீவுகளில் அங்குள்ள புழுவின் கணக்கே வேறு. 1877இல் சீனாவின் அமோய் நகரில் பேட்ரிக் மான்சன், புழு இருந்த ஒருவரைக் கடித்த கொசுக்களை அறுத்து, உள்ளே லார்வா வளர்வதைக் கண்டார். ஒரு நோய்க்கிருமி பூச்சிக்குள் வளர்கிறது என்பதை மருத்துவம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. ஆனால் கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் முடிவுகட்டினார். மூன்றாம் பருவ லார்வா கொசுவின் உறிஞ்சுகுழலுக்கே வந்து நிற்பது 1900இல்தான் தெளிவானது.

நரம்புச்சிலந்தியின் வழி இன்னும் கொடூரம். சைக்ளாப்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஓடுடலிக்குள் காத்திருக்கும் லார்வா, குடிநீரோடு வயிற்றுக்குள் போகும். ஒரு வருடம் எந்த அறிகுறியும் இல்லை. பிறகு ஒரு மீட்டர் வரை நீளமான பெண் புழு பெரும்பாலும் காலில் தோலுக்கு அடியில் வந்து, தீக்காயம் போல ஒரு கொப்புளத்தை எழுப்பும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைப்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு வழியில்லை. வைத்த மறுநொடி கொப்புளம் உடைந்து, பாலைப் பீச்சியது போல ஆயிரக்கணக்கான லார்வாக்கள் தண்ணீரில் கலக்கும். அவற்றைச் சைக்ளாப்ஸ் தின்னும். ஒரு புழு தன் அடுத்த தலைமுறைக்காக ஒரு மனிதரைக் குளத்துக்கு நடத்திச் செல்கிறது. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஒரு குச்சியில் நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பதுதான் அன்றும் இன்றும் வழி. ஆனாலும் 1986இல் உலகில் 35 லட்சம் பேருக்கு இருந்த இந்த நோய், 2023இல் 14 பேருக்கு மட்டும் வந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டினார்கள், புழு வெளிவரும் ஆட்களைக் குளத்தில் இறங்கவிடவில்லை. இப்போது நாய்களுக்கும் அந்தப் புழு வருவதால் கடைசிப் படி இழுக்கிறது.

மூன்றாம் பருவக் கணக்குக்கு விலக்குகளும் உண்டு. டிரைக்கினெல்லா என்ற புழுவின் முதல் பருவ லார்வாவே தசை நாருக்குள் புகுந்து, அந்தச் செல்லைத் தனக்குப் பாலூட்டும் தாதியாக மாற்றிக்கொண்டு, யாராவது அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்னும்வரை கிடக்கும். கீரிப்பூச்சிக்குக் காத்திருப்பே கிடையாது என்று சொல்லலாம். பெண் புழு இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து 10,000 போல முட்டைகளை ஒட்டிவிட்டுச் சாகும். நாலு முதல் ஆறு மணி நேரத்தில் அவை தொற்றத் தயார். அரிப்பெடுத்துச் சொறிந்த குழந்தையின் நகத்திலிருந்து வாய்க்குப் போக அந்த நேரம் தாராளம்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது ஸ்ட்ராங்கிலாய்டஸ். இதன் லார்வா வெளியே போகாமல் குடலிலேயே மூன்றாம் பருவத்தை எட்டி, அதே உடலுக்குள் மறுபடி நுழைய வல்லது. இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்து-பர்மா ரயில்பாதையில் வேலை செய்த போர்க்கைதிகளிடம், வீடு திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தப் புழு உயிரோடு இருந்தது. அப்படிப்பட்ட ஒருவருக்கு வேறு ஏதோ நோய்க்காக அதிக அளவில் ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால், லார்வாக்கள் கட்டுமீறிப் பெருகி உடல் முழுக்கப் பரவி உயிரையே பறிக்கலாம். தொற்று இருக்க வாய்ப்புள்ளவருக்கு ஸ்டீராய்டு தொடங்குமுன் இந்தப் புழுவைச் சோதிப்பது அவசியம்.

இவ்வளவு பெரிய அந்நியப் பிராணியை நம் உடல் ஏன் விட்டுவைக்கிறது? விட்டுவைப்பதில்லை. இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்களும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதங்களும் திரண்டு வருகின்றன. புழுவோ தன் சுரப்புகளால் அந்த எதிர்ப்பைத் தணித்து, அடக்கி வைக்கிறது. கொக்கிப்புழு லார்வாக்களைக் குறைந்த எண்ணிக்கையில் ஏற்றி ஒவ்வாமைக்கும் குடல் அழற்சிக்கும் மருந்தாக்க முடியுமா என்றுகூடச் சோதித்திருக்கிறார்கள். சிகிச்சை என்று சொல்லத்தக்க முடிவு இதுவரை வரவில்லை.

மருந்துக்கு வருவோம். குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல், புழுவின் செல்களுக்குள் இருக்கும் டியூபுலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு, அது குளுக்கோஸை எடுக்க முடியாமல் செய்கிறது. புழு மெல்லப் பட்டினியில் சாகிறது. ஐவர்மெக்டின் புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒருவகைக் குளோரைடு வாயில்களைத் திறந்தே வைத்து, தொண்டைப் பம்பையும் உடலசைவையும் முடக்குகிறது. அந்த வாயில் மனிதனிடம் இல்லை. ஜப்பானில் சதோஷி ஓமுரா சேகரித்த ஒரு மண் மாதிரியின் பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து அது. அவரும் வில்லியம் கேம்ப்பெல்லும் 2015இல் நோபல் பெற்றார்கள்.

மருந்துகள் நல்லவை, மலிவானவை, பாதுகாப்பானவை. ஆனால் குடற்புழு மாத்திரை கொல்வது குடலில் இருக்கும் புழுவைத்தான். நுரையீரல் வழியில் இருப்பவை பெரும்பாலும் தப்பும்; வாசலுக்கு வெளியே மண்ணில் சுருண்டிருக்கும் லட்சக்கணக்கான மூன்றாம் பருவ லார்வாக்களை அது தொடுவதே இல்லை. மாத்திரை கொடுத்துச் சில மாதங்களில் புழு திரும்ப வருவதைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்கிறார்கள். மருந்து வேலை செய்தது. முட்டையும் தன் வேலையைச் செய்தது. அதனால்தான் குழந்தைகளில் 20 சதவீதத்துக்கு மேல் தொற்று உள்ள இடங்களில் வருடம் ஒரு முறையும், 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு முறையும் மாத்திரை தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மண்வழிக் குடற்புழுக்கள் இன்றும் சுமார் 150 கோடிப் பேரிடம் இருக்கின்றன.

முட்டையையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதைத் தென்கொரியா காட்டியிருக்கிறது. 1971இல் அங்கே நாடு தழுவிய பரிசோதனையில் 84.3 சதவீதம் பேரின் மலத்தில் ஏதாவது ஒரு குடற்புழுவின் முட்டை இருந்தது. 1969 முதல் 1995 வரை பள்ளிக் குழந்தைகளின் மலத்தை வருடம் இரண்டு முறை சோதித்து, புழு இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதே காலத்தில் காய்கறி வயல்களில் மனிதக் கழிவை உரமாகப் போடுவது நின்றது, வீடுகளுக்குக் கழிப்பறையும் குழாய்த் தண்ணீரும் வந்தன. ஒருபுறம் புதிய முட்டைகள் மண்ணுக்கு வருவது குறைந்தது. மறுபுறம் ஏற்கெனவே கிடந்தவை வாய்க்கு வந்துசேரும் வழி அடைபட்டது. 1997இல் அந்த 84.3 சதவீதம் 2.4 ஆகியிருந்தது. ஆஸ்காரிஸ் முட்டை இருந்தவர்கள் 0.06 சதவீதம் பேர்தான்.